தமிழ்நாட்டுச் சான்றிதழ், தில்லியில் டீச்சர் வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மயூர் விகார் சகோதரி: அக்கா, மதுரையில் பி.எட். முடித்து, தமிழ்நாட்டு டெட்டும் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணியிருக்கிறேன். கணவருக்கு மாற்றலாகி இங்கே வந்துவிட்டோம். அரசுப் பள்ளியில் சேர இது போதாதா?

பி.எட். போதும்மா, டெட்தான் போதாது. கல்லூரிக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) அங்கீகாரம் இருந்தால் பட்டம் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் தில்லி அரசின் டி.ஜி.டி. (பட்டதாரி ஆசிரியர்) பணிக்கு, ஆளெடுக்கும் வாரியமான டி.எஸ்.எஸ்.எஸ்.பி. கேட்பது சி-டெட், அதாவது மத்திய அரசின் ஆசிரியர் தகுதித் தேர்வு. வேறு மாநில டெட்டை ஏற்கலாம் என்று என்.சி.டி.இ.யின் 2011 வழிகாட்டுதல் இடம் தருகிறது; ஏற்றே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. இதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். இரண்டு தேர்வுமே என்.சி.டி.இ. வகுத்த அதே சட்டகத்தில், 150 மதிப்பெண்ணுக்கு நடப்பவை. இங்கே காலியிடங்களை கெஸ்ட் டீச்சர்களை வைத்து ஓட்டுகிறார்கள். எங்கள் காலனியில் ஊரில் வருஷக்கணக்கில் அறிவியல் எடுத்த ஒரு அம்மா, வீட்டு டியூஷனோடு நிற்கிறார். மாநிலங்கள் ஒன்றின் டெட்டை மற்றொன்று ஏற்கட்டும். மொழியை மட்டும் தனியாகச் சோதிக்கட்டும். அதுவரை காத்திருக்காமல் நீங்கள் சி-டெட் இரண்டாம் தாளை (6 முதல் 8-ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கானது) எழுதிவிடுங்கள். பாஸ் பண்ணினால் ஆயுளுக்கும் செல்லும், 2021-லேயே அறிவித்துவிட்டார்கள்.

கரோல்பாக் தம்பி: சி-டெட்டைத் தமிழில் எழுதலாமா?

மொழிப் பகுதிக்குத் தமிழை எடுக்கலாம். மற்ற கேள்விகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் குழந்தை உளவியல் பகுதியில்தான் திணறுகிறார்கள்: பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற உளவியலாளர்கள் சொன்னதெல்லாம் தெரிந்திருக்கும், ஆங்கிலக் கேள்வியைப் பிடிப்பதற்குள் நேரம் போய்விடும். பழைய வினாத்தாள்களை ஆங்கிலத்திலேயே போட்டுப் பழகுங்கள். நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

முனிர்கா வாசகர்: ஊரில் வாங்கிய எம்.பி.சி. சான்றிதழ் எடுபடுமா?

எடுபடாது. தில்லி அரசுப் பணியில் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குத் தில்லி அரசு கொடுத்த சான்று வேண்டும், இல்லையென்றால் பொதுப்பிரிவுதான். எஸ்.சி., எஸ்.டி.க்கு அப்படி இல்லை. அவர்களுக்குத் தில்லியில் நாடு தழுவிய ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது.

ஆர்.கே.புரம் சகோதரி: பி.எட். வைத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போகலாமா அக்கா?

முடியாதும்மா. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) வேண்டும்.

ரோகிணி அன்பர்: எம்.எஸ்சி. கணிதம், பி.எட். இருக்கிறது. நானும் சி-டெட் எழுத வேண்டுமா?

11, 12-ஆம் வகுப்பு எடுக்கும் பி.ஜி.டி. பணிக்கு இங்கே சி-டெட் கேட்பதில்லை. நேராக விண்ணப்பியுங்கள். அப்புறம், இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று விளம்பரத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.