வாசகர் கேள்வி பதில்: ஹுவாராஸில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: பெருவின் ஹுவாராஸில் 4 நாள் தங்கப் போகிறோம். லிமாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய கையோடு லகுனா 69 ஏரிக்குப் போய்விடலாமா?

பதில்: வேண்டாம். லிமா கடலோர ஊர். ஹுவாராஸ் சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏரி 4,600 மீட்டரில். தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு எல்லாம் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது.

ஏரியைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். முதல் நாள் ஊருக்குள்ளேயே இருங்கள். ஊரின் மையச் சதுக்கத்தை ஒட்டிய தொல்பொருள் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், இன்காக்களுக்கு முந்தைய ரெக்குவாய் பண்பாட்டுக் காலக் கற்சிலைகள் வரிசையாக நிற்கின்றன. பழைய வீதிகளைத் தேடி அலையாதீர்கள். 1970 நிலநடுக்கத்தில் ஊரே இடிந்து விழுந்தது. ஹோசே ஒலாயா தெருவில்தான் பழைய சாயல் மிச்சம். இரண்டாம் நாள், ரெக்குவாய் ஊர்ப் பக்கம் போகும் கலெக்டிவோ (பலர் சேர்ந்து போகும்) வேனில் ஏறி சாந்தா குரூஸ் பாலத்தில் இறங்கினால், 2 மணி நேர ஏற்றத்தில் வில்காகோச்சா ஏரி (3,700 மீட்டர்). உடம்பு பழகிவிட்டதா என்று அங்கேயே தெரிந்துவிடும். தலைவலி விடாமல் இருந்தால் அதற்கு மேல் ஏறவே கூடாது. உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லகுனா 69 வண்டிகள் விடியுமுன் கிளம்பி, சுமார் 3 மணி நேரத்தில் 3,900 மீட்டரில் உள்ள செபோயாபம்பாவில் இறக்கிவிடும். அங்கிருந்து மேலே ஏற 3 மணி நேரம். முதல் பாதி சமவெளி என்பதால் எல்லோரும் வேகமாக நடந்து, கடைசி வளைவு ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே மெதுவாக நடங்கள். தண்ணீர் 2 லிட்டர், மழைச்சட்டை, ஹுவாஸ்கரான் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கமாக சோல் (பெரு நாணயம்), இவை கையில் இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவால் மலை ஏற முடியாது. பாஸ்தோருரி பனிப்பாறைக்கு அழைத்துப் போகலாமா? நடை குறைவு என்கிறார்களே?

பதில்: நடை குறைவுதான், ஆனால் உயரம் 5,000 மீட்டர். குதிரையில் ஏற்றிவிட்டாலும் காற்று கூடிவிடாது. அவருக்கு ஏற்றது யங்கானுக்கோ பள்ளத்தாக்கின் சினான்கோச்சா ஏரி: சுமார் 3,850 மீட்டர், கரை வரை வண்டி போகும். வழியில் பழைய யுங்காய் ஊர் இருந்த இடம். 1970 மே 31 அன்று ஹுவாஸ்கரான் சிகரத்திலிருந்து சரிந்த பனியும் பாறையும் அந்த ஊரையே மூடிவிட்டன. கல்லறை மேட்டில் ஏறி நின்றவர்கள் சிலர் தப்பினார்கள். இப்போது அது நினைவிடம். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

கேள்வி: சாவின் டி ஹுவாண்டார் போக ஒரு முழு நாள் செலவிடலாமா?

பதில்: தாராளமாக. அது இன்காக்களுக்கும் முந்தைய பழங்காலக் கோயில். கோயிலின் அடியில் குறுகிய கல் சுரங்கப்பாதைகள். அவற்றுள் சுமார் 4.5 மீட்டர் உயர லான்சோன் என்ற தெய்வ உருவம் செதுக்கிய கல் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. சுவரில் பதித்த கல்தலைகளில் ஒன்றுதான் இப்போது அங்கே இருக்கிறது. மற்றவற்றில் பலவும் தெல்லோ தூண் என்ற செதுக்குக் கல்லும் ஊரின் மறுமுனையில் உள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. சுற்றுலா வண்டிகள் சாப்பாட்டுக்கு நேரம் தாராளமாகவும் அருங்காட்சியகத்துக்குக் கஞ்சத்தனமாகவும் ஒதுக்குவது வழக்கம். முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்று தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: மே முதல் செப்டம்பர் வரை. அப்போதும் இரவில் நல்ல குளிர்.