துபாய் ஃப்ளாட்: மச்சான் அங்கே கட்டுகிறார், நான் இங்கே ரூபாயில் தரலாமா?

கேள்வி: ஐயா, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். துபாயில் 12 லட்சம் திர்ஹாம் விலையில், இன்னும் கட்டி முடியாத ஒரு ஃப்ளாட்டைப் பேசியிருக்கிறோம். 60 சதவீதத்தைச் சாவி வாங்கும் முன்பும், மீதி 40 சதவீதத்தைச் சாவி வாங்கிய பிறகு மூன்று வருடத் தவணையிலும் கட்டலாம் என்கிறார்கள். புக்கிங் தொகையை கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன். என் மனைவியின் தம்பி அங்கேயே வேலை பார்க்கிறார். தவணைகளை அவர் திர்ஹாமில் கட்டட்டும், அந்தப் பணத்தை நீங்கள் ஊரில் அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்கிறார் ஏஜென்ட். சொத்து வாங்கினால் விசா கிடைக்கும், பிறகு நீங்களும் என்ஆர்ஐதான் என்கிறார். இங்குள்ள காலி மனை ஒன்றை விற்றுப் பணம் திரட்ட எண்ணம். இதில் சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. துபாய் சட்டத்தைவிட இந்தியச் சட்டத்தில்தான் அதிகம். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை என்றால், கீழே உள்ளதைச் சரிசெய்யும் வரை கையெழுத்திட வேண்டாம்.

முதலில் மச்சான் விஷயம். அவர் அங்கே கட்டுவது, நீங்கள் இங்கே ரூபாயில் கொடுப்பது என்றால் அது ஹவாலாதான். உறவுக்குள் நடப்பதால் அது சட்டபூர்வம் ஆகிவிடாது. ஃபெமா எனப்படும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3-வது பிரிவு, வெளிநாட்டில் ஒரு சொத்தைப் பெறுவதற்கு ஈடாக இந்தியாவுக்குள் பணப் பரிவர்த்தனை செய்வதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. மீறினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அதோடு 37ஏ பிரிவின் கீழ், துபாய் சொத்துக்கு ஈடான மதிப்பில் உங்கள் இந்தியச் சொத்துகளை அமலாக்கத்துறை முடக்க முடியும். அங்கே வாங்கும் ஃப்ளாட்டுக்காக இங்கே உங்கள் தொழிற்கூடம் மாட்டிக்கொள்ளும். துபாயில் உள்ள வாடிக்கையாளர் உங்களுக்குத் தரவேண்டிய ஏற்றுமதிப் பணத்தை நேராக பில்டரிடம் கட்டச் சொல்வதும் இதே ரகம். யாராவது அந்த யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஏற்றுமதிப் பணம் வங்கி வழியாக இந்தியாவுக்கு வந்தே ஆகவேண்டும்.

மைத்துனர் உண்மையிலேயே தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கூட்டு உரிமையாளராக வர விரும்பினால் வழி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளில் 21-வது விதி, வெளிநாட்டில் வசிக்கும் உறவினரோடு சேர்ந்து வாங்க அனுமதிக்கிறது. ஆனால் அங்கே ‘உறவினர்’ என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தின் பட்டியல்தான் அளவுகோல். அந்தப் பட்டியலில் உடன்பிறந்தவர் உண்டு, மனைவியின் உடன்பிறந்தவர் இல்லை. எனவே உங்கள் மைத்துனர் உங்கள் மனைவிக்கு உறவினர், உங்களுக்கு அல்ல. அவரும் உங்கள் மனைவியும் சேர்ந்து வாங்கலாம். நீங்களும் அவரும் என்று பத்திரம் போட்டால் விதி இடம் தராது.

உங்களுக்குப் பொருந்தும் நேர்வழி எல்ஆர்எஸ், அதாவது தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்துள்ள திட்டம். இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை இதில் அனுப்பலாம். திர்ஹாம் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலைநிறுத்தப்பட்ட நாணயம். அந்தக் கணக்கில் 12 லட்சம் திர்ஹாம் சுமார் 3,26,750 டாலர். ஒரே ஆண்டில் மொத்தமும் கட்டுவதென்றால் உங்கள் ஒருவர் வரம்பு போதாது. மனைவியும் தன் வரம்பில் அனுப்பலாம், ஆனால் அவர் பெயர் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். பணத்தை மட்டும் அவர் கணக்கிலிருந்து அனுப்பி, சொத்தை உங்கள் பெயரில் மட்டும் பதிவது கூடாது. அவருக்கு நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பணம் என்றால், அவர் பங்குக்கு வரும் வாடகையும் உங்கள் வருமானத்தில்தான் சேரும்.

பணம் உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து போகவேண்டும், நிறுவனக் கணக்கிலிருந்து அல்ல. இதற்கு வங்கிக் கடன் வாங்கவும் முடியாது. சொத்து வாங்குவது போன்ற மூலதனப் பரிவர்த்தனைக்கு எல்ஆர்எஸ்ஸில் அனுப்ப, வங்கிகள் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்0005, அதாவது வெளிநாட்டு நிலம், கட்டட முதலீடு என்றே இருக்கட்டும். வங்கி ஊழியர் சீக்கிரம் முடியட்டும் என்று ‘குடும்பப் பராமரிப்பு’ என்று போட்டுவிடுவதுண்டு. பின்னால் விசாரணை வரும்போது தவறான உறுதிமொழி தந்தவர் நீங்கள்தான், அவர் அல்ல.

கிரெடிட் கார்டு: மூலதனப் பரிவர்த்தனைக்கு அது அனுமதிக்கப்பட்ட வழி இல்லை. தொகை சிறியதாக இருந்தாலும் மீறல் மீறல்தான். அந்தத் தொகையை அதே கார்டுக்குத் திருப்பச் சொல்லி பில்டருக்கு எழுத்தில் கேளுங்கள். திரும்பியபின் அதையே வங்கி வழியாக அனுப்புங்கள். இரண்டுக்கும் ஆதாரம் வைத்துக்கொண்டு, ரிசர்வ் வங்கியில் சமரசத் தீர்வுக்கு, அதாவது மீறலை ஒப்புக்கொண்டு பணம் கட்டி முடித்துக்கொள்ளும் ‘கம்பவுண்டிங்’குக்கு மனு செய்யுங்கள். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மனுக் கட்டணம் 10,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். நீங்களாகப் போய்ச் சொல்லும்போது விஷயம் பணத்தோடு முடியும். அமலாக்கத்துறை நோட்டீஸ் வந்தபின் போனால் அதே நிம்மதி இருக்காது.

அடுத்தது தவணைத் திட்டம். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். கட்டடம் வளர வளரக் கட்டும் தவணைகளை அந்தந்த ஆண்டு வரம்புக்குள் அனுப்பலாம். ஆனால் சாவியையும் உரிமையையும் வாங்கிக்கொண்டு 40 சதவீதத்தை மூன்று வருடம் பாக்கி வைப்பது, வெளிநாட்டவரிடம் கடன் வாங்குவதற்குச் சமம் என்று வாதிட இடமிருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் கடன் வாங்க ஃபெமாவில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. உங்களுக்கு என் அழுத்தமான ஆலோசனை: சாவிக்குப் பிந்தைய தவணை வேண்டாம். விலை கொஞ்சம் கூடினாலும் கட்டுமானத்தோடு முடியும் திட்டத்தைக் கேளுங்கள்.

இதோடு, பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் டிசிஎஸ் வரியைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதத்தை வங்கி பிடிக்கும். முதல் ஆண்டில் விலையில் 35 சதவீதம், அதாவது 4,20,000 திர்ஹாமும், துபாய் நிலத்துறைப் பதிவுக் கட்டணமான 4 சதவீதம், 48,000 திர்ஹாமும் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்றால் இது 1,12,32,000 ரூபாய். நீங்கள் ஒருவரே அனுப்பினால் டிசிஎஸ் மட்டும் 20,46,400 ரூபாய். மனைவியோடு சரிபாதியாக அனுப்பினால் 18,46,400. இது செலவு அல்ல. முன்கூட்டிய வரியில் கழிக்கலாம், மீதியை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் பல மாதம் கையை விட்டுப் போயிருக்கும். அந்த 20 லட்சத்தை ஒதுக்காமல் தவணை ஒப்புக்கொண்டவர், இரண்டாவது தவணையிலேயே தடுமாறுவார். துபாய் சட்டமோ தவறியவருக்கு இரக்கம் காட்டாது. 30 நாள் நோட்டீஸுக்குப் பிறகு, கட்டுமானம் 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் விலையில் 40 சதவீதம் வரையும், அதற்குக் கீழே இருந்தால் 25 சதவீதம் வரையும் பில்டர் பிடித்துக்கொண்டு ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

மனையை விற்கும் முன் இன்னொன்று. விற்ற பணத்தில் வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய சட்டத்தில் 54எஃப் என்று அறியப்பட்ட அந்தச் சலுகை இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டுமே. துபாய் ஃப்ளாட்டுக்குக் கிடையாது. எனவே மனையை வைத்திருந்தது 24 மாதத்துக்கு மேல் என்றால் ஆதாயத்தில் 12.5 சதவீத வரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கிடுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை என்றால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய முறையில் வரி குறைகிறதா என்றும் ஆடிட்டரிடம் பாருங்கள்.

விசா பற்றி ஏஜென்ட் சொன்னது தவறு. பத்து வருட கோல்டன் விசாவுக்குச் சொத்து மதிப்பு 20 லட்சம் திர்ஹாம் வேண்டும், உங்களுடையது அதை எட்டாது. வேறு விசா கிடைத்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையால் நீங்கள் என்ஆர்ஐ ஆகிவிட மாட்டீர்கள். வேலைக்கோ தொழிலுக்கோ உண்மையில் அங்கே போய் வசிக்க வேண்டும். திருப்பூரில் தொழில் நடத்திக்கொண்டிருக்கும் வரை ஃபெமாவின் கண்ணில் நீங்கள் இந்தியவாசிதான்.

துபாய் பக்கம் சரிபார்க்க வேண்டியவை குறைவு. அந்தக் கட்டடம், வெளிநாட்டவருக்கு முழு உரிமை தர ஒதுக்கிய பகுதியில் இருக்கிறதா அல்லது 99 வருடக் குத்தகையா என்று பாருங்கள். திட்டத்தின் பதிவையும், வாங்குபவர்களின் பணத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனியாகப் பாதுகாக்கும் எஸ்க்ரோ கணக்கையும் நிலத்துறையின் ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் பார்க்கலாம். 2007-ஆம் ஆண்டின் 8-வது சட்டப்படி, கட்டி முடியாத திட்டத்துக்கான பணம் அந்தத் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போகவேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கணக்கு எண்ணை அப்படியே வங்கியில் கொடுக்காதீர்கள். ஐபேன் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண் ‘ஏஇ’ என்று தொடங்கி மொத்தம் 23 எழுத்து வரும். அதை ஒப்பந்தத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு, பெறுபவர் பெயரில் திட்டத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டியபின் ‘ஓக்கூத்’ என்ற இடைக்காலப் பதிவுச் சான்று உங்கள் இருவர் பெயரிலும் வரவேண்டும். வெறும் புக்கிங் ரசீது உரிமைக்கு ஆதாரம் ஆகாது.

பணம் கட்டிய முதல் ஆண்டிலிருந்தே, ஃப்ளாட் கைக்கு வராவிட்டாலும், வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டுங்கள். அதற்குக் கணக்கு, டிசம்பரில் முடியும் காலண்டர் ஆண்டு. மனைவி இதுவரை ரிட்டர்ன் போடாதவர் என்றாலும் இனி போட்டாக வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வாடகைக்கு துபாயில் தனிநபர் வரி இல்லை, இந்தியாவில் உண்டு. 30 சதவீதக் கழிவு போக மீதிக்கு உங்கள் வரி விகிதம் பொருந்தும்.

கடைசியாக, இருவர் பெயரில் இருப்பதால் ஒருவர் காலமானால் மற்றவருக்குத் தானாகப் போய்விடும் என்று எண்ணாதீர்கள். நீங்கள் முஸ்லிம் அல்லாதவர் என்றால், உயில் இல்லாதபோது 2022-ஆம் ஆண்டின் அமீரகச் சட்டம் பாதியை வாழ்க்கைத் துணைக்கும் மீதியைப் பிள்ளைகளுக்கும் பிரிக்கும். வேறு விதமாக வேண்டும் என்றால் அந்தச் சொத்துக்கு மட்டும் டிஐஎஃப்சி எனப்படும் துபாய் சர்வதேச நிதி மையத்தின் உயில் மையத்தில் தனி உயிலைப் பதிந்துவிடுங்கள். பத்திரம் கைக்கு வந்த மாதமே அதைச் செய்யலாம்.