தாத்தா வாங்கிய கைநாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா, தம்பி இறந்ததும் அவர் மனைவியிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி, அந்தப் பங்கு நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அப்பாவுக்குத் தொழில் நொடித்தது. அண்ணனுக்குக் குழந்தையில்லை. 'அந்தப் பாவம்தான்' என்கிறார்கள் உறவினர்கள். என் பிள்ளைகளையும் இது தொடருமா? அப்பா இன்றும் எந்தக் காகிதத்தையும் மூன்று முறை வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். சின்னப்பாட்டி வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் போனதே இல்லை. கேட்டால் 'அவங்க சரியில்லை' என்பார்.

ம.

அன்புள்ள ம.,

தொழில் நொடிப்பதும் குழந்தையில்லாமல் போவதும் எந்த வீட்டிலும் நடக்கும். அப்பா செழித்திருந்தால் இதே வாய்கள் 'பெரியவர் செய்த புண்ணியம்' என்றிருக்கும். பிறருக்கு முற்பகல் செய்த இன்னா பிற்பகலில் 'தமக்கு' வரும் என்றுதான் வள்ளுவரும் சொன்னார், பேரனை இழுக்கவில்லை. தக்காரா தகவிலரா என்பது 'எச்சத்தால்' தெரியும் என்ற குறளில், எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள்கொண்டார். எனக்கு 'மிச்சம்' என்ற பொருளே பிடிக்கும்.

உங்கள் வீட்டு மிச்சம் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. ஏமாந்தவர் பிள்ளைக்கு வரவேண்டிய பயம் ஏமாற்றியவர் பிள்ளைக்கு வந்திருக்கிறது. அதைவிடக் கனமானது அந்த 'அவங்க சரியில்லை'. பறித்துக்கொண்டவருக்கு நிம்மதியாகத் தூங்க ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கும், பறிகொடுத்தவளைக் கெட்டவளாக்கினார். அப்பா அதைக் கேட்டு வளர்ந்தார், நீங்களும்.

பெரிய உதாரணம்தான், உங்கள் தாத்தாவை அந்த வரிசையில் நிறுத்தவில்லை. யூதப் படுகொலையை முன்னின்று நடத்திய நாஜித் தலைவர் ஹிம்லரின் மகள் குட்ரூன் 2018இல் சாகும்வரை தந்தையை விட்டுக்கொடுக்கவில்லை. நாஜி ஆக்கிரமிப்பில் போலந்தை ஆண்ட ஹான்ஸ் ஃபிராங்க் 1946இல் நியூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டபோது மகன் நிக்லாஸுக்கு 7 வயது. தூக்குக்குப் பிறகு எடுத்த தந்தையின் சடலப் படத்தைப் பணப்பையில் வைத்துக்கொண்டு, அவர் செய்த கொடுமைகளைப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார் அவர். இருவருக்கும் வந்தது குற்றவாளியின் ரத்தம்தான். அப்பாவின் நியாயத்தை மகள் வாங்கிக்கொண்டார், மகன் வாங்கவில்லை.

பரிகாரம் கேட்டு யாரிடமும் போகாதீர்கள். சின்னப்பாட்டியின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருப்பார்கள், அவர்களிடம் போங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. முதல் நாளே நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் கைநாட்டு விஷயத்தை ஒருநாள் உங்கள் வாயாலேயே சொல்லியாக வேண்டும். அவர்கள் கதவைச் சாத்தலாம், அது அவர்கள் உரிமை. அப்பாவிடம் சொல்லாமல் மட்டும் போகாதீர்கள்.