பள்ளிக்கூடம் லயத்துக்குள் எவ்வளவு தூரம் வரலாம்?

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் கடையில் வேலை. மகள் தரம் 8 படிக்கிறாள், நன்றாகப் படிக்கிற பிள்ளை. இந்த வருஷம் வந்த வகுப்பாசிரியை எங்கள் வீட்டு விஷயம் எல்லாவற்றிலும் தலையிடுகிறார். காலை நாலரை மணிக்குப் பிள்ளை எழுந்து படிப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். போடாதவர்களின் பெயர் ஏழு மணிக்கு குரூப்பில் வரும். ரொட்டி கட்டிக் கொடுத்தால், “அம்மாவுக்குச் சோறாக்க நேரமில்லையா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய படிவத்தில் அப்பா குடிப்பாரா, வீட்டில் எவ்வளவு கடன் என்றெல்லாம் இருந்தது. போன மாதம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார்கள். நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன், வீட்டில் மாமியார் மட்டும். படிக்கிற இடம், படுக்கிற இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து, “இப்படிப்பட்ட சூழலிலும் படிக்கிறார்கள்” என்று குரூப்பில் போட்டுவிட்டார்கள். மகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. கேட்டால், “பிள்ளையின் நன்மைக்குத்தான்” என்கிறார்கள். சண்டை போட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்று பயமாக இருக்கிறது. வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடலாமா?
— ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மாற்ற வேண்டாம். பொறுத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். போய்ப் பேசுங்கள். முதலில் அந்தப் படத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் நாலைந்து குறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொண்டுபோய்க் கொட்டினால், ரொட்டி விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். பிள்ளை படுக்கிற இடத்தை ஊருக்குக் காட்டியதுதான் இதில் பெரிய தவறு. அதற்கு யாராலும் நியாயம் சொல்ல முடியாது.

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று மலையகத்தில் பிறந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தலைமுறை தலைமுறையாக இருந்தும் அது நம் பெயரில் இல்லை. பின்னால் ஒரு அடுப்படி இழுத்துக் கட்டவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். பல தோட்டங்களில் நமக்கு வருகிற கடிதம்கூட ஆபீசுக்குப் போய், அங்கிருந்துதான் கைக்கு வருகிறது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களிடம் 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்க ஆரம்பித்தார்கள். அதே வெளிநாட்டுக்குப் போகிற ஆண்களிடம் கேட்கவில்லை. இப்படி யார் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன வீடு நம் வீடு. பள்ளிக்கூடமாவது கதவைத் தட்டிவிட்டு வரும் என்று எதிர்பார்ப்பதில் என்ன தப்பு?

ஆனாலும் பள்ளிக்கூடத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். அதற்கு முன்னால் பல இடங்களில் ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், அஞ்சாம் வகுப்போடு சரி. அங்கிருந்து இன்று பல்கலைக்கழகம் வரை பிள்ளைகள் போகிறார்கள் என்றால், சாயங்காலத்தில் லயம் லயமாக ஏறி இறங்கி, “பிள்ளையை ஏன் அனுப்பவில்லை?” என்று கேட்ட ஆசிரியர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பதின்மூன்று வயதில் கொழும்பில் யார் வீட்டுக்கோ வேலைக்குப் போகவிருந்த பிள்ளையை அப்படித்தான் பலர் மீட்டிருக்கிறார்கள். 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வராத பிள்ளையைத் தேடி வருவது ஆசிரியரின் கடமை. அதனால் வீட்டுக்கு வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காக வந்துகொண்டிருக்கிற பிள்ளையின் வீட்டுக்கு, தாய் இல்லாத நேரத்தில், சொல்லாமல் வந்து படம் எடுத்ததைத்தான் சொல்கிறேன்.

நாலரை மணிப் படமும் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி விடிவதற்கு முன் தாய்மாரை வரிசையில் நிறுத்துகிற வேலை அது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நாலரைக்கு எழ வேண்டுமென்றால் எட்டரைக்குத் தூங்கியாக வேண்டும். நீங்கள் மலையிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிச் சோறாக்கி இறக்கவே எட்டு மணி ஆகும். ஒரே காம்பராவில் விளக்கைப் போட்டால் மாமியாரும் எழுந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் யோசித்துப் போட்ட விதி மாதிரித் தெரியவில்லை. பிள்ளை எப்போது படிக்கிறாள் என்பது உங்கள் வீட்டு ஏற்பாடு. வீட்டுப்பாடம் செய்திருக்கிறாளா, பாடம் புரிந்திருக்கிறதா என்று வகுப்பில் பார்க்கத்தான் ஆசிரியை இருக்கிறார்.

படிவத்துக்கு வருகிறேன். ஒரு கேள்வியைப் பார்த்ததும், இதற்கு நான் பதில் சொன்னால் பள்ளிக்கூடம் என் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று யோசியுங்கள். பிள்ளைக்கு வீசிங் இருக்கிறதா என்று கேட்டால் எழுதுங்கள்; பனிக்காலத்தில் அது உயிர் விஷயம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருமானம்கூட, உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்டால் சரி. கடன் எவ்வளவு என்று தெரிந்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? குடிப் பழக்கம் நம் தோட்டங்களில் பெரிய துயரம்தான், மறுக்கவில்லை. ஒரு பிள்ளை பயந்து ஒடுங்கி இருந்தால் ஆசிரியை கேட்கத்தான் வேண்டும். அதைத் தனியாக உட்காரவைத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பத்துப் பேர் கை மாறுகிற தாளில், அதுவும் பிள்ளை கையில் கொடுத்தனுப்பிக் கேட்கிற கேள்வி இல்லை இது. அப்படியான இடங்களில் ஒரு கோடு போட்டு, “இதைப் பள்ளிக்கூட அதிபரிடம் நேரில் பேசுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பொய் எழுத வேண்டாம், வெற்றிடமாகவும் விட வேண்டாம்.

இனி, எப்படிப் பேசுவது என்று சொல்கிறேன். முதலில் மகளிடம் கேளுங்கள். அவமானம் அவளுக்குத்தான் நடந்திருக்கிறது. அம்மா என்ன பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்று அவள் சொல்லட்டும். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் இந்த இரண்டுமே இருக்கின்றன: தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும், பிள்ளையின் வீட்டிலும் அந்தரங்கத்திலும் யாரும் அத்துமீறித் தலையிடக்கூடாது.

அப்புறம் வகுப்பாசிரியையைத் தனியாகப் பாருங்கள். குரூப்பில் எழுத வேண்டாம். அங்கே நாற்பது பேர் பார்க்க, அவர் இறங்கி வர மாட்டார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போக வேண்டுமென்றால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போகும். போகட்டும் தங்கச்சி, இது அதற்கு மேலான விஷயம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டீச்சர், என் மகள் மேல் நீங்கள் அக்கறை வைத்திருப்பது தெரியும். ஆனால் எங்கள் வீட்டுப் படம் குரூப்பில் வந்ததால் அவள் இரண்டு நாள் வரவில்லை. படத்தை எடுத்துவிடுங்கள். இனி வீட்டுக்கு வருவதென்றால் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள், நான் இருக்கிறேன்.” இவ்வளவு போதும். அந்த டீச்சரும் ஏதோ ஒரு லயத்தில் வளர்ந்தவராக இருக்கலாம். மனசில் உறைத்தால் அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் போட்டு இரண்டு மூன்று நாள் தாண்டிவிட்டால், போட்டவராலும் எல்லோருடைய போனிலிருந்தும் அதை அழிக்க முடியாது. அதனால், “அழித்துவிட்டேன்” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ‘அந்தப் படத்தை எல்லோரும் தங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம்’ என்று டீச்சரே குரூப்பில் ஒரு செய்தி போட வேண்டும் என்று கேளுங்கள்.

பழிவாங்குவார்களோ என்ற பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அதற்குத்தான் எழுத்து. பேசியும் நடக்கவில்லையென்றால், என்ன நடந்தது, எந்தத் தேதியில், என்ன கேட்கிறீர்கள் என்று அதிபருக்கு ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி ஒன்றும் தபால் துண்டும் உங்களிடம் இருக்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஹட்டன் வலயக் கல்விப் பணிமனை. இப்படித் தேதி போட்ட கடிதம் ஒன்று இருந்தால், பிறகு பிள்ளைக்கு ஏதாவது நடக்கும்போது எல்லோரும் அதை எடுத்துப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். பிள்ளையை அடித்தாலோ, தொடர்ந்து அவமானப்படுத்தினாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எண்ணுக்குச் சொல்லலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிள்ளைகளைப் பற்றிய தகவலைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. ஆனால் முதல் நாளே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பேசித் தீருகிற விஷயத்தை முதலில் பேசித்தான் பார்க்க வேண்டும்.

ரொட்டியைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தேங்காய் ரொட்டியும் சம்பலும் மரியாதையான சாப்பாடு. இனி வீட்டைப் பற்றி யார் வகுப்பில் கேட்டாலும், “அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் டீச்சர்” என்று அமைதியாகச் சொல்லட்டும். அதை எதிர்த்துப் பேசியதாக யாரும் சொல்ல முடியாது, அவளுக்கும் பதில் தேடித் தவிக்க வேண்டியிருக்காது.

பள்ளிக்கூடம் மாற்றுவது கடைசி வழி. ஹட்டனுக்கோ நோர்வூட்டுக்கோ அனுப்பினால் பஸ் காசும் மழைக்காலப் பயணமும் தினமும் உங்கள் தலையில்தான். அவளுடைய கூட்டாளிகள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள். அங்கேயும் ஒரு குரூப் இருக்கும், அங்கேயும் படம் கேட்கலாம். இங்கே பேசிப் பார்க்காமல் அங்கே போனால், அங்கேயும் பேசத் தயங்குவீர்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் படம் மட்டும்தான் வந்ததா? “படிக்கிறார்கள்” என்று போட்டிருந்தால் வேறு வீடுகளும் இருந்திருக்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அந்தத் தாய்மாரைப் பார்ப்பீர்கள்தானே, மெல்லக் கேட்டுப் பாருங்கள். நாலரை மணிப் படம் எல்லா வீட்டுக்கும் பொதுவான பிரச்சினை. அதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்று நாலு பேராகச் சேர்ந்து எழுப்புங்கள். உங்கள் கணவரையும் அன்றைக்கு லீவு போட்டு வரச் சொல்லுங்கள். மகளின் படம் பற்றிய பேச்சை மட்டும் அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அதை டீச்சரோடும் அதிபரோடும் வைத்துக்கொள்ளுங்கள்.