ஒரு டர்னுக்கு எத்தனை கிளிக்?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. தசைச்சிதைவு நோய், சக்கர நாற்காலியில் இருக்கிறான். வலது கையில் இரண்டு விரல்கள்தான் தெம்பாக அசையும். கையைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. பார்வை, பேச்சு எல்லாம் நன்றாக இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி ஆட்டத்தில் ராஜேந்திர சோழன் வருகிறார் என்று ஆசைப்பட்டான், வாங்கினோம். பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிட்டது. டர்ன் பேஸ்டு ஸ்ட்ராட்டஜி ஆட்டம் வாங்கு என்கிறார்கள். எதை வாங்குவது? அடாப்டிவ் கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கிறதாமே, அதுவும் வேண்டுமா? இருப்பது ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப், பெரிய செலவு முடியாது. பார்வையில்லாத மாமா ஒருவரும் வீட்டில் இருக்கிறார். அவரும் தம்பியோடு சேர்ந்து ஆட வழி உண்டா? — ஒரு வாசகி, மதுரை

பதில்: சோழருக்கு ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. 2022-இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கத்தில் திராவிடர் தனி நாகரிகம், சுருள்வாள் வீரர்கள், ராஜேந்திரனுக்கென்று ஒரு தொடர் என்று பார்த்ததும் நானும் அன்றைக்கே வாங்கியவன்தான். ஆனால் அது கடிகாரம் நிற்காத ஆட்டம். நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது எதிரி மரம் வெட்டிக்கொண்டிருப்பான். தனியாக ஆடினால் வேகத்தைக் குறைக்கலாம், சரி. நான்கு இடத்தை ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை அப்போதும் குறையாது.

டர்ன் பேஸ்டு ஆட்டம், அதாவது சதுரங்கம்போல மாறி மாறி ஆடுவது, நமக்காகக் காத்திருக்கும். அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது கிளிக் கணக்கை. கை ஓய்வதற்கு அவசரம் ஒரு காரணம், எண்ணிக்கை இன்னொரு காரணம். பேரரசு கட்டும் டர்ன் பேஸ்டு ஆட்டமான சிவிலைசேஷன் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒரு குடியேறி, ஒரு வீரன், டர்னுக்கு இரண்டு மூன்று கிளிக்கில் வேலை முடிந்துவிடும். சாதாரண வேகத்தில் அந்த ஆட்டம் 500 டர்ன் வரை போகக்கூடியது. பாதி தாண்டியதும் பத்துப் பன்னிரண்டு நகரம், படை, வணிகர், தூதர் என்று ஒரே டர்னில் ஐம்பது கிளிக் கேட்கும். தம்பியின் கைக்கு இது சோழர் படையெடுப்பைவிடக் கடினமாகிவிடலாம். எந்த ஆட்டமானாலும் முதலில் ஒரு வீடியோவைப் பார்த்து, ஆட்டத்தின் நடுப்பகுதியில் ஒரு டர்னுக்கு எத்தனை கிளிக் ஆகிறது என்று எண்ணுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைவிட அந்த எண் உபயோகமானது.

ஆட்டத்துக்கு முன்னால் கையைக் கவனிப்போம். முன்கை முழுவதும் ஒரு தலையணையிலோ பலகையிலோ படிந்திருக்க வேண்டும், முழங்கை தொங்கக் கூடாது. கையின் பாரத்தை விரல்கள் சுமந்தால் பத்து நிமிடம் என்ன, ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அப்புறம் விண்டோஸ் மவுஸ் அமைப்பில் பாயின்டர் வேகத்தை நன்றாகக் கூட்டுங்கள். விரல் அரை அங்குலம் நகர்ந்தால் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக வேண்டும். லேப்டாப்பின் டச்பேடிலேயே ஒரு வாரம் இப்படிச் சோதித்துப் பாருங்கள். கிளிக் செய்தபடியே இழுப்பது கஷ்டம் என்றால் அதே இடத்தில் ‘கிளிக்லாக்’ என்ற வசதி இருக்கும். பட்டனைச் சற்று நேரம் அழுத்தினால் போதும், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

இதற்குமேல் காசு செலவழிப்பதானால் அது டிராக்பால் மவுஸுக்குத்தான். மவுஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், உருண்டை மட்டும்தான் சுழலும். கையைத் தூக்கி வைக்க முடியாதவருக்கு அதுதான் வேண்டும். ஆனால் கட்டைவிரலால் உருட்டுவது ஒரு வகை, மற்ற விரல்களால் உருட்டுவது இன்னொரு வகை. தம்பிக்கு எந்த இரண்டு விரல் அசையும் என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடாப்டிவ் கன்ட்ரோலர் இப்போதைக்கு வேண்டாம். கை அசைவு குறைந்தவர்கள் ஆடுவதற்கென்று மைக்ரோசாஃப்ட் 2018-இல் கொண்டுவந்த நல்ல கருவி, விண்டோஸ் கணினியிலும் வேலை செய்யும். ஆனால் அதில் இரண்டு பெரிய பட்டன்களும் ஒரு திசைப் பட்டையும்தான் முக்கியமாக இருக்கும். மிச்சமெல்லாம் துளைகள். ஒவ்வொரு துளையிலும் செருக வேண்டிய சுவிட்ச், ஜாய்ஸ்டிக் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்க வேண்டும், உண்மையான செலவு அங்கேதான். மவுஸ் ஒன்றே போதுமான ஆட்டத்துக்கு இது எதற்கு?

விரல்கள் களைத்துப்போகும் நாளுக்கு முகம் இருக்கிறது. பாஸ்டன் கல்லூரியில் உருவான ‘கேமரா மவுஸ்’ இலவசம். லேப்டாப் கேமரா மூக்கு நுனியையோ புருவத்தையோ பின்தொடர்ந்து பாயின்டரை நகர்த்தும். ஒரே இடத்தில் சற்று நிறுத்தினால் அதுவே கிளிக் ஆகிவிடும். கூகுள் 2023-இல் வெளியிட்ட ‘புராஜெக்ட் கேம்ஃபேஸ்’ இதே வழியில் போகிறது. வாயைத் திறந்தால் கிளிக், புருவத்தை உயர்த்தினால் இழுத்தல் என்று முக அசைவுகளுக்கு வேலை கொடுக்கலாம். அதற்குத் தூண்டுதலாக இருந்த லான்ஸ் கார் என்ற அமெரிக்க ஸ்ட்ரீமருக்கும் (ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுபவர்) உங்கள் தம்பியைப் போலத் தசைச்சிதைவு நோய்தான். தீவிபத்தில் வீட்டோடு அவருடைய விலை உயர்ந்த தலையசைவு மவுஸும் போய்விட்டது. அங்கிருந்துதான் இந்த யோசனை கிளம்பியது. லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருந்தால் ‘வாய்ஸ் ஆக்சஸ்’ கூடவே வரும். திரையைக் கட்டங்களாகப் பிரித்து எண் போடும், எண்ணைச் சொல்லிச் சொல்லிக் குறுக்கிக்கொண்டே வந்து கிளிக் செய்யலாம். கட்டளைகளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஒரு நாளில் பழகிவிடும்.

ஒரு சின்ன விஷயம், பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். ஆட்டம் முழுத்திரையில் ஓடும்போது திரை விசைப்பலகையும் (விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருவது) மற்ற உதவிக் கருவிகளும் பின்னால் மறைந்துவிடலாம். ஆட்டத்தின் அமைப்பில் ‘விண்டோடு’ அல்லது ‘பார்டர்லெஸ்’ என்று மாற்றிவிடுங்கள்.

இனி ஆட்டம். செலவே இல்லாமல் தொடங்க ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’. 2003-இலிருந்து இருக்கும் திறமூல ஆட்டம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். வீரன் மேல் ஒரு கிளிக், போக வேண்டிய அறுகோணத்தில் ஒரு கிளிக், அவ்வளவுதான். விரல் வழுக்கித் தப்பான இடத்தில் வைத்துவிட்டால் நகர்த்தலைத் திரும்பப் பெறலாம். சண்டை நடந்துவிட்டாலோ, வரைபடத்தை மறைத்திருக்கும் மூடுபனி விலகிவிட்டாலோ முடியாது. நடுவில் எந்த இடத்திலும் சேமித்துவிட்டுப் படுக்கலாம். பல கட்டங்களில் இத்தனை டர்னுக்குள் முடி என்று ஒரு கெடு இருக்கும். அது டர்ன் கணக்கு, நிமிடக் கணக்கு இல்லை, பயப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டால் தம்பிக்கு ஏற்றது ‘இன்டு தி பிரீச்’. 2018-இல் வந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டம், சதுரங்கப் பலகை அளவு. நம்மிடம் மூன்று இயந்திரங்கள் மட்டுமே, ஒரு சண்டை சாதாரணமாக நான்கைந்து டர்னில் முடிந்துவிடும். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். நகர்த்தியதைத் திரும்பப் பெறலாம், ஒரு சண்டைக்கு ஒரு தடவை டர்னையே முதலிலிருந்து ஆடலாம். கால் மணி நேரம் யோசித்துவிட்டு பத்துப் பன்னிரண்டு கிளிக் செய்யும் ஆட்டம் இது. கட்டங்கள் பெரிதாக இருப்பதால் முகத்தால் பாயின்டரை நகர்த்தும்போதும் குறி தவறாது.

பெரிய பேரரசு ஆசை விடாது என்றால் சிவிலைசேஷன் 6-க்குப் போகலாம், லேப்டாப் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வரைபடம், குறைந்த எதிரிகள், நான்கு நகரத்துக்கு மேல் கட்டுவதில்லை என்று ஒரு சபதம். படைவீரனைத் தொலைதூர இலக்குக்கு ஒரே கட்டளையில் அனுப்புங்கள், நகரங்களில் கட்டுமான வேலைகளை வரிசையாகப் போட்டு வையுங்கள், டர்னைத் தானே முடித்துவிடும் ‘ஆட்டோ எண்ட் டர்ன்’ அமைப்பைப் போடுங்கள், பாதிக் கிளிக் மிச்சம். நண்பர்களோடு இணையத்தில் ஆடினால் டர்ன் டைமரை அணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் டர்ன் பேஸ்டு ஆட்டத்துக்குள்ளும் கடிகாரம் வந்து உட்கார்ந்துவிடும். ‘பிளே பை கிளவுட்’ முறையில் ஆளாளுக்குத் தோதான நேரத்தில் ஆடிவிட்டுப் போகலாம்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கைச் சோதனைக்கு அந்த இரண்டு மணி நேரம் போதும். கையணை, பாயின்டர் வேகம் எல்லாம் சரிசெய்த பிறகு வாங்குங்கள், பாதி நேரம் அமைப்புகளிலேயே போய்விடக் கூடாது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன ஆட்டங்கள் எழுத்தைப் படமாகத் திரையில் வரைகின்றன. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஒன்றும் கிடைக்காது. தம்பி வாய்விட்டுச் சொல்ல, மாமா யோசனை சொல்ல, இருவரும் ஒரே பக்கமாக வெஸ்னாத் ஆடலாம், அது நன்றாகவே இருக்கும். எதிரெதிராக ஆட வேண்டுமானால் சதுரங்கம். லிச்செஸ் தளம் இலவசம். திரைவாசிப்பானோடு ஆடுவதற்கென்று அதில் தனி முறை இருக்கிறது, காயை நகர்த்தும் கட்டத்தை எழுத்தாலும் எண்ணாலும் தட்டச்சு செய்தால் போதும். மாமா ஆடும் கணினியில் என்விடிஏ-வை நிறுவுங்கள், அதுவும் இலவசம்தான், தமிழிலும் பேசும். ஆட்டத்தைத் தொடங்கும்போது நேரக் கட்டுப்பாடு என்ற இடத்தில் ‘கரஸ்பாண்டன்ஸ்’ என்று தேர்ந்தெடுங்கள். ஒரு நகர்த்தலுக்கு 14 நாள் வரை அவகாசம் வைக்கலாம்.