ஆச்சியிடம் கேளுங்கள்: கிட்னி மாத்திரையும் ஆறாத புண்ணும்

கேள்வி: என் தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறது. சிரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது ஹெர்னியா ஆபரேஷன் செய்ய வேண்டும். டாக்டரோ, இந்த மாத்திரையை நிறுத்தி வேறொன்றுக்கு மாற்றிய பிறகுதான் ஆபரேஷன், இல்லாவிட்டால் புண் ஆறாது என்கிறார். கிட்னியைக் காக்கிற மாத்திரைக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் ஆச்சி? ரத்தத்தில் கொழுப்பும் ஏறிவிட்டது. பணியாரமும் உப்புக்கறியும் தின்றதால்தான் என்று வீட்டில் எல்லாரும் அவனைத் திட்டுகிறார்கள்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பணியாரத்துக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் சிரோலிமஸ் சாப்பிடுகிறவர்களில் பலருக்குக் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஏறத்தான் செய்யும். சிலருக்குச் சர்க்கரையும் கூடும். வாயைக் கட்டினாலும் ஏறும் கொழுப்புக்கு அந்தப் பிள்ளையைக் குறை சொல்வது பாவம்.

நம் செல்களுக்குள் எம்டார் என்றொரு புரதம் இருக்கிறது. செல் இப்போது வளரலாமா, பொறுத்திருக்கலாமா என்ற முடிவு பெரும்பாலும் அதன் கையில். கானாடுகாத்தானில் பெரிய வீடுகள் எழும்பிய காலத்துக் கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம், தேக்கு, வேலையாள் மூன்றும் கைக்கு வந்தால்தான் அடுத்த கட்டுக்கு அஸ்திவாரம் தோண்டச் சொல்வார். எம்டாரும் மூன்றைப் பார்க்கிறது. சாப்பாடு வந்தது என்று இன்சுலின் சொல்ல வேண்டும். புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்கள், முக்கியமாக லூசின், செல்லுக்குள் இருக்க வேண்டும். எரிபொருளான ஏடிபி குறையாமல் இருக்க வேண்டும். இன்சுலின் எவ்வளவு இருந்தாலும் அமினோ அமிலம் இல்லையென்றால் எம்டார் முழுதாக விழிக்காது. ஏடிபி குறைந்தால் ஏஎம்பிகே என்ற இன்னொரு புரதம் வந்து அதை அடக்கிவிடும். எல்லாம் கூடிவந்தால் செல் புரதம் செய்யும், கொழுப்பு செய்யும், பருக்கும், இரண்டாகப் பிரியும். கூடிவராவிட்டால் தன் பழைய பாகங்களைத் தானே பிரித்துத் தின்று காலம் தள்ளும்.

சிரோலிமஸ் போய்ப் பிடிப்பது இந்த எம்டாரைத்தான். வந்த கிட்னியை அந்நியம் என்று தாக்கக் கிளம்பும் வெள்ளை அணுக்கள் பெருக முடியாமல் நிற்கின்றன, கிட்னி பிழைக்கிறது. ஆனால் தையல் போட்ட இடத்தில் புதுச் சதை வளர்வதற்கும் செல்கள் பெருகத்தானே வேண்டும்? அங்கும் அதே எம்டார்தான். வெள்ளை அணு எது, காயத்தை மூட வரும் செல் எது என்று மாத்திரைக்குத் தெரியாது. நாள்பட்டால் இன்சுலினின் சொல்லும் சரியாக எடுபடாமல் போகிறது; சர்க்கரை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். டாக்டர் சொல்வது முழுக்க நியாயம்.

இந்த மருந்து பிறந்த கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1964-இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன குழு கொண்டுவந்த மண்ணில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. அது சுரந்த பொருளை மான்ட்ரியலில் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் சுரேன் சேகல். 1975-இல் அது ராபமைசின் என்ற பெயரில், பூஞ்சையைக் கொல்லும் பொருளாக ஆய்விதழில் வெளிவந்தது; சிரோலிமஸ் என்பதும் அதுவேதான். அவர் வேலை பார்த்த மருந்து நிறுவனம் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டபோது, சேகல் அந்தக் கிருமியை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். அந்த மருந்து செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்பதை 1991-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மைக்கேல் ஹால் குழுவினர் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். 1999-இல் அமெரிக்காவில் கிட்னி மாற்றியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் இதையெல்லாம் அம்புக்குறி போட்டுக் கரும்பலகையில் வரைவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போகும். உங்கள் தம்பி மாதிரி ஒருவருடைய தையல் ஆறுகிற விஷயம் அது என்று அன்றே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது, கிட்னிக்கே ஆபத்து. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் வேண்டாம், ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். அதே இனத்துப் பம்ளிமாஸையும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

கேள்வி: ராத்திரி சாப்பிட்டதும் கொப்புடையம்மன் கோயில் வரை நடந்து வந்தால் சர்க்கரை இறங்குகிறது. நடந்தால் இன்சுலின் கூடுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை, நடப்பதால் இன்சுலின் கூடுவதில்லை. சர்க்கரையை உள்ளே விடும் குளூட்4 என்ற புரதம் தசைச் செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும். அதை இன்சுலின் மேலே வரவழைக்கும். தசை சுருங்கி விரிந்தாலும் அது வேறு வழியில் மேலே வரும். இன்சுலின் சரியாக எடுபடாதவர்களுக்கும் நடை பலிப்பது அதனால்தான். நீங்கள் இன்சுலின் ஊசியோ கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ எடுப்பவரானால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டால் வாயில் போட, சட்டைப் பையில் நாலு கற்கண்டு போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.