7 பேர்ச் காணியில் என்ன மரம் வைக்கலாம், மேட்டில் நிற்கும் டர்பன்டைனை என்ன செய்வது?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் 7 பேர்ச் காணியோடு புது வீடு கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, அதன் மேல் நாலைந்து டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்கள். மழைக்காலத்தில் பார்க்கவே பயமாக இருக்கிறது, வெட்டிவிடலாமா? காணியில் பட்டர் புரூட், பலா, முருங்கை, கொஞ்சம் பூச்செடி வைக்க ஆசை. எது சரிவரும், எப்படிப் பராமரிப்பது?

முதலில் அந்த டர்பன்டைன். பழமரத்தை இந்த வருடம் வைக்காவிட்டால் அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். மேட்டு விஷயத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிச் சாய்த்துவிடாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது, அந்த மரம் உயரமாகப் போகும், காற்றுக்குப் பெரிய வாதுகளை முறித்துப் போடும். ஆனால் மேட்டின் மேல்மண்ணை இன்றைக்குப் பிடித்து வைத்திருப்பதில் அந்த வேர்களுக்கும் பங்கு இருக்கிறது. மரம் செத்தாலும் வேர் அன்றைக்கே விட்டுவிடாது. அது மெல்ல மெல்ல உக்கும். உக்கிய வேர் இருந்த இடத்தில் ஓட்டை விழும், அந்த வழியாக மழைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். வெட்டிய வருடம் ஒன்றுமே நடக்காது. எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது, சில வருடம் கழித்து ஓர் அடைமழையில்தான் மேடு கீழே வரும்.

டர்பன்டைனில் ஒரு நல்ல குணம் உண்டு. வெட்டிய கட்டையிலிருந்து திரும்பவும் துளிர்க்கும், துளிர் இருக்கும்வரை வேருக்கு உயிர் இருக்கும். பைனஸ் மரத்துக்கு அந்தக் குணம் கிடையாது, வெட்டினால் அதோடு சரி. அதனால் வீட்டுப் பக்கம் சாய்ந்திருப்பதை மட்டும் முதலில் எடுங்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம், அது மண்ணிலேயே இருக்கட்டும். மற்றவற்றின் உயரத்தைக் குறைத்தால் போதும். இடையில் புதிய வேர்களை இறக்குங்கள். மேட்டுச் சரிவில் வரிசையாக வெட்டிவேர், மானாப்புல் வைக்கலாம். முள்முருக்குத் தடியை ஊன்றினால் அப்படியே வேர் பிடிக்கும், வெட்டி வெட்டித் தழையை மண்ணுக்குப் போடலாம். வாழையை நம்ப வேண்டாம். அதன் வேர் மேலோட்டமானது, ஈர மண்ணில் பாரம்தான் கூடும். இன்னொன்று, தோட்டத்து மரமென்றால் அது நிர்வாகத்தின் சொத்து. வாய்ப்பேச்சாக அல்லாமல் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கத்தியை வையுங்கள்.

கத்தி வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. கீழே நின்று மரங்களின் அடியை நன்றாகப் பாருங்கள். அடிமரம் கீழ்ப்பக்கமாக வளைந்து, பிறகு மேலே நிமிர்ந்து போகிறதா? பல மரங்கள் ஒரே பக்கம் அப்படி வளைந்திருந்தால், அவை வளரும் காலம் முழுக்க மண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மண் அவற்றைச் சாய்க்கச் சாய்க்க, அவை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து வளர்ந்திருக்கின்றன. அதோடு தரையில் வெடிப்பு, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, ஊற்றுத் தண்ணீர் சேறாக வருவது, கதவு ஜன்னல் திடீரென இறுகுவது, இதில் எது தெரிந்தாலும் மரப் பேச்சை நிறுத்திவிட்டுக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் சொல்லுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்க வேண்டும். மழை வலுத்தால் வீட்டில் தங்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நம் ஆட்கள் யாரும் மறந்திருக்க முடியாது. மரவேர் பெரும்பாலும் மேலே உள்ள ஒன்றிரண்டு மீட்டர் மண்ணுக்குள்தான். அதற்குக் கீழிருந்து மலையே நகர்ந்தால் எந்த மரமும் பிடித்து நிறுத்தாது.

மேட்டின் அடியைச் செங்குத்தாக வெட்டி முற்றம் அகலிக்க வேண்டாம். கூரைத் தண்ணீர் மேட்டில் ஊறாதபடி கான் வெட்டித் தூர விடுங்கள். எந்த மரம் வைப்பதைவிடவும் இந்த இரண்டும் முக்கியம் என்று சொல்வேன்.

சரி, இனிக் காணிக்கு வருவோம்.

7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு, கக்கூஸ் குழி, பாதை போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் ஒரு பெரிய மரம், கூடிப்போனால் இரண்டு சின்ன மரம். நீங்கள் 4,000 அடிக்கு மேலே இருக்கிறீர்கள் என்பதையும் மனதில் வையுங்கள். முருங்கைக்கு வெயில் வேண்டும், ஹட்டன் குளிருக்கும் மழைக்கும் அது நோஞ்சானாகத்தான் நிற்கும். பலா கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து மரம், உங்கள் உயரத்தில் அந்த விளைச்சலை எதிர்பார்க்க முடியாது, 7 பேர்ச்சில் அதற்கு இடமும் போதாது. சவுக்கு மரம், அதுதான் தேயிலை மலையில் நிழலுக்கு வைக்கும் கிரவிலியா, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மலைக்கு அருமையான மரம். வீட்டு ஓரத்துக்கு வேண்டாம், தடுமாறாமல் 60, 70 அடி போய்விடும்.

பட்டர் புரூட் மட்டும் தாராளமாக வையுங்கள். விதை போட்டு வளர்த்தால் காய்க்க ஐந்தாறு வருடம், சிலவேளை அதற்கும் மேல் போகும். தாய் மரத்தின் ருசியே வரும் என்ற நிச்சயமும் இல்லை. ஒட்டுக்கன்று மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும், உயரத்தையும் 12 அடிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மரத்தைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதுதான். இலை மஞ்சளாகித் தொங்குகிறது, நுனிக்கொப்பு காய்கிறது என்றதும் வீட்டில் இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், உரமும் போடுவார்கள். உள்ளே மெல்லிய வேர்கள் பூஞ்சணத்தில் கறுத்து அழுகிக்கொண்டிருக்கும். அதனால் குழிக்குள் வைக்காமல், ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து அதன் மேல் நடுங்கள். அதன் தீனி வேர்கள் மண்ணின் மேல்மட்டத்திலேயே ஓடுபவை, மரத்தடியில் முள்ளுக் குத்தி (இரும்பு முள்ளால்) மண்ணைக் கிளறவோ மண்வெட்டியால் கொத்தவோ வேண்டாம். காய்ந்த இலை, மிளார் (வெட்டிப்போட்ட சின்னக் கொப்புகள்), புல் எதையாவது பரப்பி வையுங்கள். அந்தப் பரப்பல் மட்டும் அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும்.

பூக்கிறது, காய் நிற்கவில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். பட்டர் புரூட் பூவை ஒருநாள் காலையிலும் மாலையிலும் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பூவும் இரண்டு தடவை விரியும். முதல் தடவை பெண்ணாக, நடுவில் சூல்முடி நிமிர்ந்து நிற்கும், சுற்றியுள்ள மகரந்தக் காம்புகள் சாய்ந்து கிடக்கும். மூடி மறுபடி விரியும்போது ஆண், காம்புகள் எழுந்து மகரந்தம் கொட்டும். சில ஜாதி காலையில் பெண்ணாக விரிந்து மறுநாள் பின்னேரம் ஆணாகும். மற்ற ஜாதி பின்னேரம் பெண், மறுநாள் காலை ஆண். இரண்டு வகையும் அக்கம்பக்கத்தில் இருந்தால் தேனீ வேலையைச் சுலபமாக முடித்துவிடும். அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் என்ன ஜாதி இருக்கிறது என்று கேட்டு, மாற்று ஜாதியை வாங்குங்கள். இரண்டு வீட்டுக்கும் காய்க்கும்.

கன்று வாங்கும்போது இலையின் பசுமையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நான் வேலை செய்வது மரக்கன்று நர்சரியில், இதை நாள்தோறும் பார்க்கிறேன். நீண்ட நாள் பையிலேயே இருந்த கன்றின் பொலித்தீனைக் கிழித்தால், வேர் தும்புக் கயிறு சுற்றினதுபோல அடியில் சுற்றிச் சுற்றிக் கிடக்கும். அப்படியே நட்டால் மேலே இரண்டு வருடம் செழிப்பாக இருக்கும், வேர் மட்டும் வெளியே போகாது. பெரிய மரமான பிறகு ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். பையின் அடியில் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் வேறு கன்று கேளுங்கள். இலேசாகச் சுற்றியிருந்தால் சுற்றிய நுனிகளைக் கூரான கத்தியால் வெட்டி, மற்றதை விரித்து நடலாம். ஒட்டு விழுந்த இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் கீழ்மரம் மேல்மரத்தைத் தின்றுவிடும்.

ஹட்டன் பக்கத்துக்கு மே, ஜூன் மழை தொடங்கும்போது நடுவது நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கு ஒக்டோபர், நவம்பர். ஹட்டனில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காயும், முதல் வருடம் மட்டும் அப்போது தண்ணீர் ஊற்றுங்கள். தென்மேல் காற்று வீட்டில் பட்டு அடங்கும் பக்கமாக, அதாவது கிழக்குப் பக்கம் இடமிருந்தால் அங்கே வையுங்கள். நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு உறைபனிப் பிரச்சினையும் உண்டு. குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தங்கும், இளங்கன்றைப் பள்ளத்தில் வைக்காமல் சற்று மேடான இடத்தில் வைத்தால் தப்பும்.

வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எங்கள் அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிடுவது அவர் வேலை. தேயிலை உண்மையில் மரம், விட்டால் முப்பதடிக்கு மேல் போகும். உயரமான மலைத் தோட்டங்களில் நாலைந்து வருடத்துக்கு ஒருதடவை கவ்வாத்து வெட்டித்தான் அதை இடுப்பளவில் வைத்திருக்கிறோம். இலையே இல்லாமல் வெட்டிய செடி எதை வைத்துத் துளிர்க்கிறது? வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தை வைத்துத்தான். அதனால்தான் வெட்டுவதற்கு முன் பென்சில் பருமனான வேரை வெட்டி, அயடீன் தடவிப் பார்ப்பார்கள். நீலக்கறுப்பாக மாறினால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் பொறுக்க வேண்டும், அல்லது ஓரத்தில் இலையுள்ள வாதுகளை விட்டு வெட்ட வேண்டும். அப்பா கத்தியைத் தீட்டாமல் ஒரு செடியிலும் கை வைக்கமாட்டார். வெட்டுவாய் சாய்வாக, பட்டை கிழியாமல், தண்ணீர் நிற்காமல் இருக்கும். வெட்டிய பிறகு மிளாரைச் செடி மேலேயே போட்டு வெயில் படாமல் மூடுவார். வீட்டு மரத்துக்கும் அதே நியாயம்தான். காய்த்துக் களைத்த மரத்தையும், வறட்சியில் வாடிய மரத்தையும் கடுமையாக வெட்டக் கூடாது.

பெரிய வாதை எடுக்கும்போது முதலில் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, கொஞ்சம் தள்ளி மேலிருந்து இன்னொன்று, பாரம் விழுந்த பிறகு மிஞ்சிய கட்டையை அறுங்கள். இல்லாவிட்டால் வாது விழும்போது பட்டையை அடிமரம்வரை உரித்துக்கொண்டு போகும். வாது தொடங்கும் இடத்தில் வளையமாக ஒரு வீக்கம் தெரியும், அதை விட்டு அறுத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். சீமெந்து பூசுவதால் பிரயோசனம் இல்லை, ஈரம் உள்ளே தங்கி உக்கல்தான் கூடும்.

துணி காயப்போடும் கம்பியைத் தயவுசெய்து மரத்தில் சுற்றாதீர்கள். எங்கள் லயத்தில் ஒரு கொய்யா இப்படித்தான் போனது. கம்பி பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே மரம் புடைத்து, கீழே மெலிந்திருந்தது. இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்குப் போகிறது. கம்பி அதை மறிக்க, வேர் பட்டினியில் செத்துப்போனது.

மரத்தில் பச்சையும் சாம்பலுமாகப் பாசி பிடிப்பது மலையகத்து மூடுபனிக்குச் சாதாரணம், மரத்தை ஒன்றும் செய்யாது, சுரண்ட வேண்டாம். குருவிச்சை அப்படியல்ல, அது மரத்துக்குள் வேர் விட்டு உறிஞ்சும். அது ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே வாதோடு சேர்த்து வெட்டுங்கள்.

பூச்செடிக்கு முன்வாசலில் ஹைட்ரேஞ்சியா வையுங்கள், தடியை ஊன்றினாலே வரும். நம் தேயிலை மண் புளிப்பு மண், அதில் அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைப்பதால் பூ நீலமாக வரும். கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்தால் புளிப்புக் குறைந்து பூ ரோஸ் நிறத்துக்கு மாறும். பிள்ளைகள் கேட்டால் செய்து காட்டுங்கள், அவர்களுக்கு அதைவிட நல்ல விஞ்ஞான பாடம் கிடைக்காது. வேலிக்குத் தேயிலையே போதும், செவ்வரத்தையும் நல்லது. குழல் மாதிரித் தொங்கும் ஊமத்தைப் பூச்செடி பார்க்க அழகுதான், ஆனால் பூ, இலை, விதை எல்லாம் விஷம். சின்னப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே காணியில் பலா, ஈரப்பலா நின்றால் பிரதேச செயலக அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, சட்டம் இருக்கிறது. கன்று, நோய், உரம் பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 எண்ணுக்கு அழைக்கலாம். மேட்டைப் படம் எடுத்துப் போட முடிந்தால் மரங்களின் அடிப்பகுதி தெரியும்படி எடுத்துப் போடுங்கள், எந்த மரத்தை முதலில் எடுப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.